சில்லறைத் தொல்லைகள் - எதைத் தடுப்பது?

நமது மக்களில் ஒவ்வொருவரிடத்திலும், "என்னை ஒரே ஒரு நாளைக்குக் கவர்னராக்கி விட்டால் முதல் வேலையாக இன்னின்னதைத் தடுத்து உத்திரவு போட்டு விடுவேன்" என்று சொல்லுவதற்கு ஒரு ஜாபிதா தயாராயிருக்கின்றது. காப்பிக்கடைப் பெஞ்சியிலோ, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்திலோ நான்கு பேர் சேர்ந்து விட்டால் போதும், அந்த ஜாபிதா வெளியே வந்து விடும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாய் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறவனைத் தடுக்க வேண்டும் என்பார் ஒருவர். வரிசையில் நிற்காமல் பக்கத்திலிருந்து கையை நீட்டி டிக்கட் வாங்குகிறவனைத் தடுக்க வேண்டும் என்பார் மற்றொருவர். செல்போனில் பாட்டை வைத்துப் பஸ் முழுவதும் கேட்கச் செய்கிறவன், கல்யாண வீட்டில் மொய் எழுதியவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் படிக்கிறவன், அறிமுகமான இரண்டாவது நிமிஷத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறவன், கல்யாணமான மூன்றாம் மாதத்திலேயே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று பெண்ணைத் துளைத்தெடுக்கிற உறவுக்காரி என்று இந்த ஜாபிதா நீண்டு கொண்டே போகும்.

இவைகள் தொல்லைகள் அல்ல என்று நாம் சொல்ல வரவில்லை. தொல்லைகள் தான். மனிதன் கூட்டமாய் வாழ வேண்டுமானால் ஒருவனால் மற்றவனுக்கு ஏற்படும் இப்படிப்பட்ட உபத்திரவங்களைக் குறைத்துக் கொள்ள வேண்டியது அவசியமே. ஆனால் எதையாவது தடுக்க வேண்டுமென்று கிளம்புகிறவர்கள் முதலில் இரண்டு கேள்விகளைத் தங்களுக்குள்ளாகவே கேட்டுக் கொள்ள வேண்டும். ஒன்று, இந்தத் தொல்லை எதன் மேல் விழுகின்றது? நமது உடம்பின் மேலும் வேலையின் மேலும் விழுகின்றதா, அல்லது நமது கர்வத்தின் மேல் மாத்திரம் விழுகின்றதா? இரண்டு, நாம் சில்லறை என்று தள்ளி விடுகிற விஷயம் மற்றொருவனுக்கும் சில்லறைதானா? இந்த இரண்டு கேள்விகளையும் கேளாமல் போடுகிற தடை யோக்கியமான தடையாகாது. பெரிய அக்கிரமமாகவும் முடிந்து விடும். அதை விளக்கவே இதை எழுதுகின்றோம்.

காதில் விழும் பக்தி

முதலில் எல்லோருக்கும் பொதுவான தொல்லையாகிய கூச்சலை எடுத்துக் கொள்ளுவோம். பொதுஜனத் தொல்லைக்குத் தண்டனை என்பது நமக்குப் புதிதல்ல. 1860ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடிலேயே அதற்கு 200 ரூபாய் வரை அபராதம் என்று எழுதி வைத்தார்கள். அன்றைக்கு 200 ரூபாய் என்றால் ஒரு குடியானவன் குடும்பம் கண்ணால் பார்த்திராத தொகை. அந்தச் சட்டம் நீங்கி 2024 ஜூலை 1ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிற புதிய சட்டத்தில் அது 1000 ரூபாயாகி இருக்கின்றது. ஒலிபெருக்கிக்கென்று தனியாகவே 2000ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் விதிகள் செய்தார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவைகளைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி இருக்க வேண்டும். குடியிருக்கும் வட்டாரங்களில் பகலில் 55 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் போகக் கூடாது என்பவை அந்த விதிகள்.

விதி இவ்வளவு தெளிவாயிருந்தும் விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய் அலறுகின்றதே, ஏன்? ஒரு குடிகாரன் அதே நாலரை மணிக்கு அதே தெருமுனையில் நின்று கொண்டு அவ்வளவு சத்தமாய்ப் பாடினால் நாம் சும்மா இருப்போமா? பத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து விடுவார்கள். போலீசுக்கும் ஆள் போகும். அதே சத்தம் கோவில் மரத்தில் கட்டிய குழாயிலிருந்து வந்தால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், இரவு ஷிப்டு முடித்துப் படுத்த மில் தொழிலாளியும், இருதய நோய்க்காரக் கிழவரும் காதைப் பொத்திக் கொண்டு "சாமி காரியம்" என்று சும்மா இருந்து விடுகிறார்கள். மசூதிக் குழாயானாலும் மாதாகோவில் குழாயானாலும் இதே கதைதான். சத்தம் ஒன்றுதான், தூக்கம் கெடுவதும் ஒன்றுதான். கடவுள் பெயர் சேர்ந்தவுடன் மாத்திரம் தொல்லை புண்ணியமாகி விடுகின்றது!

சென்னையில் ஒரு கிறிஸ்தவ ஜெபக் கூட்டத்தின் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2000ம் வருஷம் ஆகஸ்டில் அந்தக் கோர்ட்டார், மற்றவர்களுடைய அமைதியைக் கெடுத்துக் கொண்டு ஜெபிக்க வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். மதம் எதை விதிக்கின்றது என்கின்ற ஆராய்ச்சி நமக்கு அவசியமில்லை. ஒருக்கால் ஏதாவது ஒரு மதம் அப்படியே விதித்திருந்தாலும் அடுத்த வீட்டுக்காரனின் தூக்கத்தைக் கெடுக்க அதற்குப் பாத்தியதை ஏது? எல்லாம் அறிந்தவர், எங்கும் நிறைந்தவர், மனதில் நினைத்தாலே கேட்பவர் என்று சொல்லப்படுகின்ற கடவுளுக்குக் கூம்புக் குழாய் எதற்காக? குழாய் கடவுளுக்காக அல்ல. "எங்கள் தெருவின் செல்வாக்கு உங்கள் தெருவின் செல்வாக்கை விடப் பெரிது" என்று மனிதனுக்குக் காட்டுவதற்காகவே என்பது நமது அபிப்பிராயம்.

இந்த நியாயம் எல்லோருக்கும் பொது. அரசியல் கட்சிக் கூட்டமானாலும், சினிமாக்காரர் விழாவானாலும், நமது இயக்கத் தோழர்கள் கூட்டும் கூட்டமேயானாலும் 10 மணி அடித்தால் குழாய் நிற்க வேண்டியதுதான். பகுத்தறிவைப் பேசுகின்றோம் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பி விட யாருக்கும் அதிகாரம் கிடையாது.

ராகுவுக்குக் கட்டும் வரி

நிற்க, தொல்லை என்று ஒருவரும் ஜாபிதாவில் சேர்க்காத ஒரு பெருந்தொல்லையைக் கவனிப்போம். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் டிரைவரைத் திட்டுகிறோம். ரேஷன் கடை அரைமணி பிந்தித் திறந்தால் சர்க்காரையே திட்டுகிறோம். ஆனால் தினம் ஒன்றரை மணி நேரத்தை ராகுவுக்கும், மற்றொரு ஒன்றரை மணி நேரத்தை எமகண்டத்துக்கும் தானம் செய்து விட்டு வாயை மூடிக் கொண்டிருக்கின்றோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பகல் 12 மணி நேரம் என்றால் அதில் இந்த இரண்டுமாகச் சேர்ந்து 3 மணி. அதாவது பகலில் கால் பங்கு. வருஷத்துக்கு 1095 மணி. அதற்கு மேல் அஷ்டமி, நவமி, கரிநாள், சூலம், சந்திராஷ்டமம் என்று வேறே. இவ்வளவையும் ஒழுங்காய் அனுசரிக்கிற ஒருவன் எந்தக் காரியத்தை எப்பொழுது தான் துவக்குவான்? கடைக்காரர் கடனுக்குச் சரக்கு வாங்குவதற்கு ராகுகாலம் பார்ப்பதில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கு மாத்திரம் செவ்வாய், வெள்ளி எல்லாம் பார்க்கிறார். பத்திரம் பதியப் போகிறவர் எமகண்டம் கழியட்டும் என்று ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து விடுகிறார். அவரோடு கையெழுத்துப் போட வந்த சாட்சிக் கூலிக்காரர் அன்றையக் கூலியை இழக்கிறார். பிரசவத்தைக் கூட நட்சத்திரம் பார்த்து இந்த மணிக்குள் அறுத்து எடுக்க வேண்டுமென்று டாக்டரிடம் கேட்கின்ற காலமாயிருக்கின்றது.

இந்த ராகுதான் எவ்வளவு மரியாதை தெரிந்தவன் பாருங்கள்! திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்கிறார்கள். அந்த நேரத்தில் புறப்படுகிற ரயிலில் எத்தனை ஆயிரம் பேர் ஏறிப் போகிறார்கள்? ரயில்காரன் காத்திருக்க மாட்டான் என்றவுடன் ராகு காத்திருக்கிறான். கலெக்டர் வரச் சொன்ன நேரத்திலும் கோர்ட்டில் கூப்பிடும் நேரத்திலும் ராகு வருவதில்லை. ஏழையைக் காக்க வைக்கவும், கீழே உள்ளவனை அலைக்கழிக்கவும் மாத்திரமே அவன் வருகிறான்.

இன்னொன்றும் சொல்லுகின்றோம். இரண்டாவது உலக யுத்தத்தின் போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் கடிகாரத்தைத் தள்ளியவுடன் ராகுவும் தன் கடிகாரத்தைத் தள்ளி வைத்துக் கொண்டானா? வைத்துக் கொண்டான் என்றால் ராகு சர்க்கார் உத்தியோகஸ்தன். இல்லையென்றால் அந்த மூன்று வருஷமும் காலண்டரைப் பார்த்து ஏழரை மணிக்குப் பயந்தவர்களெல்லாம் தவறான நேரத்திலல்லவா பயந்தார்கள்? அதனால் யாருக்கு என்ன குடி முழுகிப் போயிற்று? "ராகுகாலத்தைக் கடிகாரப்படியல்ல, சூரிய உதயப்படியே கணக்கிட வேண்டும்" என்று பஞ்சாங்கக்காரர்கள் சமாதானம் சொல்லக் கூடும். அப்படியானால் வருஷம் 365 நாளைக்கும் திங்கட்கிழமை ஏழரை என்றே காலண்டரில் அச்சிட்டுத் தருவது என்ன யோக்கியதை? சந்திரன் போகும் வழியும் சூரியன் போவதாகத் தோன்றும் வழியும் வெட்டிக் கொள்ளுகிற புள்ளிக்கு ராகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு புள்ளி. புள்ளிக்குப் பயந்து பகலில் கால் பங்கை விடுகிறவன், பஸ் தாமதத்திற்காகக் கோபித்துக் கொள்ள என்ன நியாயமிருக்கின்றது?

யாருக்குச் சில்லறை?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சகுனம் பார்ப்பது ஒரு சிறு பைத்தியக்காரத்தனம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பூனை குறுக்கே போனால் இரண்டு நிமிஷம் நின்று விட்டுப் போகிறான், போகட்டுமே என்கிறார்கள். பூனைக்கு நஷ்டமில்லை என்பது வாஸ்தவம்தான். எதிரே வந்தவள் விதவையாயிருந்தால்?

வாசற்படி இறங்கியவன் அவளைக் கண்டு முகத்தைச் சுளித்துத் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்து விட்டு வருகிறான். அவனுக்கு அது இரண்டு நிமிஷத் தொல்லை. அவளுக்கோ, தான் உயிரோடு நடமாடுவதே ஊருக்குக் கேடு என்று தினந்தோறும் முகத்திலறைந்து சொல்லப்படுகின்ற அவமானம். புருஷன் செத்த பிறகு இட்லி சுட்டு விற்று, பாத்திரம் தேய்த்து, ஒரே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் வரைக்கும் கொண்டு வந்த தாய், தாலி கட்டுகிற நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். ஒரு காசு கொடுத்து உதவாத சித்தப்பனும் சித்தியும் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்க்கிறார்கள். இந்தக் காட்சியைக் கண்டு மனம் கொதிக்காதவர், மண்டபத்தில் ரசம் ஆறிப் போனதற்காகக் கோபித்துக் கொள்ளுகிறார்! எது தொல்லை, எது சில்லறை என்கின்ற கணக்கே நம்மிடம் தலைகீழாயிருக்கின்றது.

இது போன்றதுதான் ஜாதியைத் துருவுகிற கேள்வியும். இப்பொழுது நேராய் "நீ என்ன ஜாதி?" என்று கேட்பதற்குப் பலருக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆகவே சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். "தம்பி எந்த ஊர்?" என்று ஆரம்பித்து, "அந்த ஊரிலே எந்தத் தெரு?" என்று வந்து, "குலதெய்வம் எது?", "அங்கே இன்னாரைத் தெரியுமா?", "நம்ம ஆளா?" என்று முடிக்கிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் "சைவமா?" என்று ஒரு வார்த்தை. கேட்கிறவருக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு. மேல் ஜாதி என்று சொல்லிக் கொள்ளுகிறவனுக்குப் பதில் சொல்லுவதில் ஒரு சங்கடமுமில்லை. பெருமை கூட உண்டு. ஆனால் மூன்றாவது கேள்வியிலேயே வீடு கிடைக்காது என்று தெரிந்து கொண்டு, எந்தப் பதிலைச் சொல்லுவது என்று நெஞ்சு அடித்துக் கொள்ள நிற்கிறானே ஒரு பையன், அவனுக்கு இது சில்லறையா? அறுபது வயதுக் கிழவரை ஆண்டையின் பத்து வயதுப் பிள்ளை "வாடா, போடா" என்று அழைக்கும் பொழுது, அந்த ஓரெழுத்து யாருக்குச் சிறிது, யாருக்குப் பெரிது? "காலனி" என்கின்ற சொல் இழிவுக் குறியாய் ஆகி விட்டபடியால் அதை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் முதல் மந்திரி அறிவித்தார். "ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?" என்று அதற்கும் சிலர் கேட்டார்கள். அந்தச் சொல்லை விலாசமாய் எழுதிக் கொண்டு வேலைக்கு மனுப்போட்டவர்களையல்லவா அதைக் கேட்க வேண்டும்!

எரிச்சலுக்காகப் போட்ட தடைகள்

"எனக்கு எரிச்சலாயிருக்கிறது, ஆகையால் தடுக்க வேண்டும்" என்கின்ற நியாயம் எங்கே போய் முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கின்றது. 1930ம் வருஷம் டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஒருவர் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931ம் வருஷத்து ஜனக்கணக்குக்குத் தலைமை அதிகாரியாயிருந்த ஹட்டன் என்பவர் அவைகளைத் தமது புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். பொன் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக் கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பணியவும் கூடாது. இவைதான் அந்தத் தடைகள். ஆதிதிராவிடர்கள் இதற்கு இணங்கி நடக்கவில்லை என்று கண்டவுடன் 1931 ஜூனில் பதினொரு தடைகளாக ஆக்கினார்கள். அதில் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

ஒருவன் வெய்யிலுக்குக் குடை பிடித்தால் இன்னொருவனுடைய காது வலிக்குமா, தூக்கம் கெடுமா, மூச்சு முட்டுமா? ஒன்றுமில்லை. கர்வம் ஒன்றுதான் வலிக்கும். அந்த வலியையே பெருந்தொல்லையாகக் கருதித் தடை போட்டார்கள். இதைச் செய்தவர்கள் பார்ப்பனர்களல்ல, பார்ப்பனரல்லாதாரே என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. மேலே இருக்கிறவன் தன்னைக் குனிய வைப்பது அக்கிரமம், தான் கீழே இருக்கிறவனைக் குனிய வைப்பது மாத்திரம் ஊர்க் கட்டுப்பாடு என்று நினைக்கிறவனுக்குச் சுயமரியாதை என்னும் வார்த்தையை உச்சரிக்கவே யோக்கியதை கிடையாது.

அந்தப் புத்தி இன்றைக்கும் செத்துப் போய் விடவில்லை. சேரிப் பையன் மோட்டார் சைக்கிளில் ஊர்த் தெரு வழியாய்ப் போனால் எரிச்சல். பெண்பிள்ளை செல்போனில் சிரித்துப் பேசினால் எரிச்சல். இரண்டு ஜாதிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பினால் எரிச்சல். அந்த எரிச்சலுக்குக் கொலையே நடக்கின்றது. ஆகவே தோழர்களே, எச்சில் துப்புகிறவனிடத்தில் வருகின்ற கோபமும், குடை பிடித்தவனிடத்தில் வந்த கோபமும் ஒன்றல்ல. முதலாவது மற்றவனுடைய சுகத்தைக் கெடுக்கிறவனைத் தடுக்கின்றது. இரண்டாவது மற்றவன் சுகமாயிருப்பதையே தடுக்கின்றது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாதவன் கையில் தடை உத்திரவைக் கொடுப்பது பைத்தியக்காரன் கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுத்தது போலாகும்.

சட்டமும் நாமும்

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீண்டாமையை ஒழித்து விட்டதாக 1950ல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1955ல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கத் தனிச் சட்டமும் செய்தார்கள். அவைகளால் ஏற்பட்ட நன்மை பெரிது. ஆனால் டீக்கடையில் குவளையைத் தனியாய் எடுத்து வைக்கிறவனுடைய கைக்கும், அதைப் பார்த்துக் கொண்டே தன் டீயைக் குடிக்கிறவனுடைய வாய்க்கும் பக்கத்தில் எந்தப் போலீஸ்காரன் எந்நேரமும் நிற்க முடியும்?

மக்களே தங்களுக்குத் தாங்களாகத் தடை போட்டுக் கொண்டு ஜெயித்ததும் இந்நாட்டில் நடந்திருக்கின்றது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டு விட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அதற்குச் சட்டமில்லை, அபராதமில்லை, ஜெயிலில்லை. விட்டவர்கள் தாங்களாகவே விட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் ஜாதி வால் இல்லை. சுயமரியாதைக் கல்யாணமும் அப்படியே. புரோகிதனில்லாமல், மந்திரமில்லாமல் 1920களின் கடைசியிலிருந்தே நமது மக்கள் கல்யாணம் செய்து கொண்டார்கள். சட்டப்படி செல்லாது என்று கோர்ட்டில் சொன்ன பொழுதும் செய்து கொண்டார்கள். 1967ல் அண்ணாதுரை மந்திரிசபை செல்லும் என்று சட்டம் செய்தது. மக்கள் முன்னால் நடந்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆகவே கவர்னராகிற அந்த ஒரு நாளுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே, சர்க்கார் உத்திரவு இல்லாமலே, நாம் நமக்குப் போட்டுக் கொள்ளக் கூடிய தடைகள் இவை:

1. பெயரையும் ஊரையும் தெரிந்து கொண்ட பிறகு ஜாதியைத் துருவுகிற கேள்வி எதையும் கேட்பதில்லை. நம்மை யாராவது கேட்டால், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது.

2. வயதில் மூத்தவர் எந்தத் தெருவினரானாலும் "வாங்க" என்றே அழைப்பது. நமது பிள்ளைகளுக்கும் அதையே பழக்குவது.

3. வீட்டுக் காரியங்களுக்கு வருகிறவர்களின் வசதியைப் பார்த்து நாள் வைப்பது, பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

4. நம் வீட்டுக் கல்யாணத்தில் தாய் விதவையானாலும் அவளே முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுப்பது.

5. தனிக்குவளை வைக்கும் கடையில் நாமும் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை.

6. நமது கூட்டத்துக் குழாயை 10 மணிக்கு முன்பாகவே நிறுத்தி விட்டு, மற்றவர்கள் குழாயையும் நிறுத்தச் சொல்லுவது.

இவைகளில் ஒன்றுக்காவது பணச் செலவு உண்டா? உத்தியோகம் வேண்டுமா? படிப்புத் தான் வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோ என்கின்ற பயத்தை விட்டால் போதும். பஸ்ஸில் எச்சில் துப்புகிறவனைக் கண்டிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, நன்றாய்க் கண்டியுங்கள். அதே வாயால், விதவையைக் கண்டு முகம் சுளித்தவனையும், கிழவரை "டேய்" என்று அழைத்தவனையும் கண்டியுங்கள் என்று தான் கேட்டுக் கொள்ளுகின்றோம்.